சேணத்தெருத் தைலம்

உப்பு விளைக. மழை பருவம் தவறாது பெய்க. குடிகள் வயிறு நிறைந்து உறங்குக.

கழிமுகம் முதல் பனங்காடு வரை பரந்த உப்பேரி நாட்டை ஆள்பவளும் தோணிக்கொடி உடையவளுமாகிய திருமாநங்கை எழுதுவிக்கும் ஓலை. குன்றும் சுனையும் குதிரைப்படையும் உடைய கல்வரை நாட்டின் அரசியும், விண்ணேறிய வரைச்சேந்தனாரின் துணைவியும், என் உடன்பிறந்தாளுமாகிய எயினிதேவி காண்க. உனக்கும் உன் குழந்தைக்கும் உன் மலைகளுக்கும் நலம் உண்டாகுக.

உன் ஓலை கிடைத்தது. கணவரை இழந்த துயரம் ஆறுமுன்னே, குழந்தை வளரும்வரை நாட்டை யார் நடத்துவது என்று உன் சிறிய மாமனார் நெடுங்கோடனார் வழக்குக் கிளப்பியிருப்பதாக எழுதியிருந்தாய். அரியணை ஏறுவோர் உடலில் மணம் பூசியே ஏற வேண்டும் என்பது உங்கள் நாட்டில் ஒரு வழக்கம். கணவனை இழந்தவள் பூவையும் சந்தனத்தையும் அகிலையும் புனுகையும் கஸ்தூரியையும் தொடலாகாது என்பது இன்னொரு வழக்கம். அவர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, மணமில்லாதவள் அமரலாகாது, மணம் பூசவோ உனக்கு வழியில்லை, ஆகவே வரும் முழுநிலவு அவையில் ஆட்சி தம் கைக்கு வர வேண்டும் என்று கூறியதாக அறிந்தேன். விட்டுக்கொடுத்துவிட்டுக் குழந்தையோடு இங்கே வந்துவிடட்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தாய்.

வராதே. என் அரண்மனையில் உனக்கு இடமில்லாமல் இல்லை. உனக்கென்று ஒரு நாடு இருக்கும்போது இங்கே வந்து என்ன செய்யப் போகிறாய்? உன் திருமணப் பந்தியில் முதல் ஆளாக அமர்ந்து, மற்றவர் இலைக்குச் சோறு வருமுன்னே பாயசம் கேட்டவர் அந்த நெடுங்கோடனார். இவ்வரியை விட்டுவிடலாமா என்று என் எழுத்தர் பணிவுடன் வினவினார். விடாமல் எழுதச் சொன்னேன். உன் கணவர் முடிசூடிய நாளும் எனக்கு நினைவிருக்கிறது. அரியணைப் படியில் கால் வைப்பவர் வாளைக் கழற்றித் தலைதாழ்த்த வேண்டும், தாழ்த்தியவர் அங்கே அமர்ந்திருப்பவரை ஏற்றவர் ஆவார் என்ற உங்கள் வழக்கத்துக்கு அஞ்சி, எல்லோரும் சென்று வாழ்த்தியபோதும் கடைசிவரை தூணோரமே நின்றவர் அவர்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். இவ்வோலையுடன் ஒரு கொம்புச் சிமிழ் வருகிறது. அதிலிருப்பது எங்கள் நகரத்துச் சேணத்தெருவில், குதிரைச் சேணமும் கடிவாள வாரும் தைக்கும் பெண்கள் பூசிக்கொள்ளும் தோல்மணத் தைலம். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய ஆட்டுத்தோலின் வெட்டுத் துண்டுகளை நல்லெண்ணெயில் ஊறவைத்து, ஏலத்தோலும் சிறிது குங்கிலியமும் சேர்த்து, இளஞ்சூட்டில் வைத்து இறக்குகிறார்கள். ஒரு சிமிழின் விலை ஒரு படி உப்பு. எங்கள் நாட்டில் உப்பு என்ன விலை என்று உனக்குத் தெரியும்.

என் குதிரைக்குச் சேணம் அளக்க வந்த மாசாத்தி என்பவள் அருகில் குனிந்தபோது இம்மணம் என் மூக்கில் பட்டது. என்ன பூசியிருக்கிறாய் என்று கேட்டேன். பூவெல்லாம் எங்க வேலைக்கு நிக்காது தாயே, தோலோட புழங்குற உடம்புக்குத் தோல்தான் ஒட்டும் என்றாள். பிறகு, தான் தாலி இழந்தவள் என்பதை நினைத்துக்கொண்டு, அரசி குற்றமாக எடுத்துக்கொள்வாளோ என்று அஞ்சி நின்றாள். உங்கள் தெருவில் எவரும் தடுக்கவில்லையா என்று வினவினேன். தோலைப் போய் யாரு வாசனைன்னு சொல்லுவாக என்றாள். அப்போதே உன் நினைவு வந்தது. உன் சிறிய மாமனார் அடுக்கிய விலக்குகளில் தோல் இல்லை.

கேட்டதை அப்படியே எழுதி அனுப்புவது எனக்கு வழக்கமன்று. ஆகையால் நானே பூசிப் பார்த்தேன். பூசிய உடனே புதுச் செருப்புக் குவியலில் முகம் வைத்தது போலக் காரமாக ஏறுகிறது. என் தோழி நீலி மூக்கைப் பொத்திக்கொண்டு, தேவி லாயத்திலா படுத்தீர்கள் என்று கேட்டாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் நானும் அதையே நினைத்தேன். ஆயினும் ஒரு பானைச் சோறு வேகும் நேரம் பொறுத்தால் காரம் இறங்கி ஏலம் தலைகாட்டுகிறது. உச்சிப்பொழுதில் உடம்புச் சூடு ஏற ஏற, வெயிலில் காய்ந்த மெல்லிய தோலின் மணமும் அதனடியில் சிறு இனிப்பும் மெல்லிய புகையும் நிற்கின்றன. அந்நேரம் உப்பளம் பார்க்கச் சென்று வியர்த்து வந்தேன். மல்லிகையானால் புளித்திருக்கும், இது புளிக்கவில்லை. தலைவலியும் தரவில்லை. விளக்கேற்றும் பொழுதில் என் தோலுக்கே இயல்பான மணம் போல மெலிந்து தங்கியிருந்தது. மறுநாள் நீலி, கேளாமலே ஒரு சிமிழ் வாங்கி வைத்துக்கொண்டாள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் துணியில் பட்டால் கறை போகாது. நீ இப்போது உடுப்பது வெள்ளை, ஆகவே எச்சரிக்கை. உண்பதற்கு முன் பூசினால் சோறு பிடிக்காது. இன்னொன்று, இது பரவுவதில்லை. எட்டி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அருகில் வந்தால்தான் உண்டு. ஊருக்குத் தெரியாத வாசனையால் என்ன பயன் என்று நீலி குறைப்பட்டாள். நானும் முதலில் இதைக் குறையென்றே எழுதச் சொன்னேன். பிறகு உன் அவை மண்டபத்தை நினைத்துப் பார்த்தேன்.

தோல் தீட்டாயிற்றே என்று உங்கள் புரோகிதர் முணுமுணுக்கக்கூடும். அவை முரசு எதனால் போர்த்தப்பட்டது என்று அவரைக் கேள். அதற்கு நாள்தோறும் பூவிட்டு வணங்குபவர் அவர்தாமே.

நீ வேறு நாட்டின் அரசி. உனக்கு ஆணையிடும் உரிமை எனக்கில்லை. ஆயினும் உனக்கு முன் பிறந்தவள் என்ற முறையில் இடும் ஆணை இது. முழுநிலவு நாளன்று குளித்து, வயிறார உண்டு, பிடரியிலும் முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் இத்தைலத்தைப் பூசு. காரம் இறங்கும்வரை குழந்தையோடு இரு. அதன்பின் அவைக்குச் சென்று, எவர் முகத்தையும் பாராமல் அரியணையில் அமர். நெடுங்கோடனார் தூணோரமிருந்து எழுந்து, மணம் எங்கே என்று கேட்பார். இருக்கிறது மாமா, வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லி, மணிக்கட்டை நீட்டு. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். நின்ற இடத்திலிருந்து அவர் மூக்குக்கு ஒன்றும் எட்டாது. இல்லையென்று அவையில் சாதிக்க வேண்டுமானால் அவர் முகர்ந்தாக வேண்டும். முகர வேண்டுமானால் வாளைக் கழற்றி வைத்து, படியில் கால் வைத்து, உன் முன்னே தலையைத் தாழ்த்த வேண்டும்.

அவையில் வேறு எவருக்கேனும் ஐயமிருந்தால், அவர்களும் அவர் பின்னே வரிசையாக வரட்டும்.

ஓலைக்கட்டின் வாரில் ஒரு துளி தடவி, தோணி முத்திரை இட்டேன். முத்திரையை உடைத்தபோது உன் விரலில் ஒட்டிய மணம் அதுதான்.