சத்தம் வராத கேபினட்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் பாயின் கம்ப்யூட்டர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பாய் ஒரு புது கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து காட்டினார். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு ஃபோம் ஒட்டியிருந்தது. அந்தப் புது ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் உன் குரல் கேட்டது. "இன்னாடா இது, செருப்புக் கடையாட்டம் நாறுது?" நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன்.

கேபினட் மாற்றியே ஆகவேண்டிய கட்டாயம். வெட்டி ஒட்டச் சொல்லிக் கல்யாண வீடியோக்காரர்கள் இப்போது எனக்கு அனுப்புகிற படங்களைப் பழைய கிராபிக்ஸ் கார்டால் இழுக்க முடியவில்லை. புதுக் கார்டு வாங்கினால், அது நம் பழைய பெட்டிக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. இரண்டு விரற்கடை நீளம் அதிகம். எவ்வளவு சாய்த்துப் பார்த்தும் முடியவில்லை.

பாய் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். ஒன்றுக்கு முகப்பு முழுக்கக் கம்பி வலை. இன்னொன்று நாலு பக்கமும் மூடி, ஃபோம் வைத்தது. "காத்து நல்லா போவணும்னா இது, தம்பி. ஆனா ஃபேன் சத்தம் வெளிய வரும். சத்தம் வேணாம்னா அது. உங்களுக்கு எதுன்னு கேக்கவே வேணாம்" என்று மூடிய பெட்டியை என் பக்கம் தள்ளினார். போன தடவை கேபினட் வாங்க வந்தபோது கடையில் ஒவ்வொரு பெட்டியாக ஓடவிட்டு நான் காதை வைத்துக் கேட்டதை மனிதர் மறக்கவில்லை.

உனக்குத் தெரியாததா? மாமா போன பிறகு நீ கொரட்டூருக்கு வந்து எங்களோடு தங்கினாய். செல்வி காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். முன் அறையில் நானும் கம்ப்யூட்டரும், உள் அறையில் நீயும் உன் இழுப்பும். நடுவே கதவில்லாத நிலைவாசல். நீ மதியம் படுத்தால் ஒரு காதை உள்ளே வைத்துவிட்டுத்தான் நான் வேலை பார்ப்பேன். அப்போது இருந்த முதல் பெட்டி மாவு மில் போல இரையும். அந்த இரைச்சலில் உன் மூச்சு முங்கிவிடும். எழுந்து எழுந்து வந்து எட்டிப் பார்ப்பேன். நீ கண்ணைத் திறக்காமலே, "கீறேன்டா, கீறேன். போய் வேலயப் பாரு" என்பாய்.

செல்வியிடம் என்னைப் பற்றிப் புகார் வேறு. "உன் ஊட்டுக்காரன் மாதிரி பயந்தாங்கொள்ளிய நா பாத்ததே இல்ல." நீ சொன்னது சரிதான். வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் போகிற நேரத்தில் எதுவுமே காதில் விழாது. அது ஸ்டேஷனைத் தாண்டிப் போகும்வரை நான் மௌஸைத் தொடமாட்டேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்.

அந்தப் பயத்தில்தான் சத்தம் வராத கேபினட்டைத் தேடி வாங்கினேன். வீட்டுக்கு வந்த அன்றே அதன் வாடை உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் வைத்தோம். மேல் வீட்டு அம்மா வடாம் பிழிந்துகொண்டே, "இன்னாம்மா, பொட்டிக்கு ஜுரமா?" என்று கேட்டார். "ஆமாக்கா, வேர்க்கட்டும்னு வெச்சுகீறோம்" என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே இல்லாமல். கம்ப்யூட்டர் பெட்டியைக் காயவைத்த குடும்பம் இந்த ஊரில் நம்முடையது மட்டுமாகத்தான் இருக்கும்.

வாடை போன பிறகு உள்ளே எல்லாவற்றையும் பூட்டி ஓடவிட்டேன். ஓடுகிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம், அவ்வளவு அமைதி. அன்று மதியம் உன் மூச்சு முன் அறைவரை தெளிவாக வந்தது. மூச்சு உள்ளே போகும்போது ஒன்றும் இல்லை. வெளியே வரும்போது கடைசியில் ஒரு சின்ன விசில். அது வரும்வரை காத்திருப்பேன், வந்ததும் படத்தில் ஒரு வெட்டு வெட்டுவேன். எனக்குப் பெரிய நிம்மதி.

சில நாள் கழித்து ஒரு மதியம் நீ எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய்.

"டேய், அந்தப் பழைய பொட்டியையே போடேன்டா."

"ஏங்க்கா? இப்பதான் எனக்கு நல்லா கேக்குது."

"உனக்குக் கேக்குது. எனக்கும்தான கேக்குது?"

எனக்குப் புரியவில்லை. நீ புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாய். "படுத்தா என் மூச்சத் தவிர ஊட்ல ஒரு சத்தமும் இல்ல. அந்த விசிலு எப்ப நின்னுடுமோன்னு நானே கேட்டுகினு கீறேன். அப்புறம் தூக்கம் எங்கேர்ந்து வரும்? அது இரைஞ்சுகினு இருந்தா என்ன மறந்து தூங்கிடுவேன்."

தலைப்பை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "உனக்கு மட்டும்தான் பயம்னு நெனச்சுகினியா?" என்றாய்.

அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன் அக்கா. கிண்டலடிக்கிறவர்களுக்குப் பயம் இருக்காது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கே பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, விசிறிகளின் வேகத்தைக் கூட்டி வைத்தேன். இரைச்சல் திரும்பி வந்தது. மேசையை நிலைவாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். காதுக்கு இல்லாத வேலையைக் கண் பார்த்துக்கொண்டது. உன் புடவை ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே எத்தனை தாலிகட்டை வெட்டி ஒட்டியிருப்பேன்! நீ குறட்டை விட்டுத் தூங்கினாய்.

நீ போனது இந்த வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில், உன் ஒவ்வொரு மூச்சையும் மெஷின் எண்ணிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது போனாய். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காரியம் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பக்கத் தகட்டை எடுத்துப் பழையபடி மாட்டி, மேசையையும் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். இனி இரைச்சல் யாருக்காக என்று தோன்றிவிட்டது.

நீ ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கைக்குழந்தையாக உன் மடியில் கிடந்த எங்கள் பாப்பாவுக்கு இப்போது ஐந்து வயது. உன் அறையில், உன் கட்டிலில்தான் படுக்கிறாள். இந்த மழைக்குச் சளி பிடித்தது. போகவில்லை. ஒரு மதியம் நான் வேலையில் இருந்தபோது உள்ளேயிருந்து அந்த விசில் வந்தது. அதே இடத்தில், மூச்சின் கடைசியில். அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். டாக்டர், "சின்னப் பசங்களுக்கு வரும், வளர வளரப் போயிடலாம், பயப்படாதீங்க" என்று இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். போயிடலாம் என்றுதான் சொன்னார். போய்விடும் என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நானும் செல்வியும் தூக்கமில்லாமல் கிடக்கிறோம்.

கடைக்குக் கிளம்பும்போது செல்வி வாசல்வரை வந்து, "சத்தம் வராததாவே பாத்து வாங்குப்பா. கொழந்த மூச்சு நமக்குக் கேக்கணும்" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். மூடிய பெட்டிமேல் கையை வைத்துவிட்டேன். பாய் பில் போடக் குனிந்தார். அப்போதுதான் முந்தின நாள் பாப்பா சொன்னது நெஞ்சில் வந்து நின்றது. கட்டிலில் மல்லாந்து விழித்துக் கிடந்தவள் சொன்னாள்: "அப்பா, என் நெஞ்சுல ஒரு பூனை கீது. காத மூடிக்கினா இன்னும் பெருசா கத்துது. எனக்குத் தூங்க பயமா கீதுப்பா."

"பாய், வலை வெச்சதே குடுங்க."

"சத்தம் வரும் தம்பி. நல்லா யோசிச்சுக்கோங்க."

"வரட்டும் பாய்."

பெட்டியைப் பார்த்ததும் செல்விக்கு முகம் மாறிவிட்டது. "நாம எப்படிக் கேக்கறது?" என்று கத்தினாள். அன்று மதியம் நீ தரையில் உட்கார்ந்து சொன்னதை முதல்முறையாக அவளிடம் சொன்னேன். அவளே மேசையின் ஒரு முனையைப் பிடித்து நிலைவாசல் பக்கம் திருப்ப வந்தாள்.

இப்போது மதியம். செல்வி வேலைக்குப் போயிருக்கிறாள். விசிறிகள் முழு வேகத்தில் இரைகின்றன. பாப்பா உன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். ஓடிப்போய் மூக்கருகே கை வைத்துப் பார்க்கவேண்டும் என்று உடம்பு துடிக்கிறது. போனால் விழித்துக்கொள்வாள். உனக்கு இதை எழுதும்போதே வரிக்கு வரி நிமிர்ந்து பார்க்கிறேன். போர்வை ஏறுகிறது, இறங்குகிறது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அக்கா. ரொம்பப் பயமாக இருக்கிறது. அவள் தூங்குகிறாள்.