நீ வாங்காமல் வந்த மாத்திரை

ஜூன் 4
சிட்டு, நீ செத்துப்போன பிறகும் இஸ்திரிப் பெட்டியில் கரி பற்றுகிறது, துணி வருகிறது. எதிர் மருந்துக்கடைக்காரனின் வெள்ளைச் சட்டைகளைத் தேய்த்தேன். உனக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் பிரஷர், மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியில் தீர்ந்துபோச்சு, வெளியே வாங்கிக்கோங்க என்றார்கள். நீ இவனிடம் போய்விட்டு வந்து, "எங்கயும் ஸ்டாக் இல்லையாம்மா" என்றாய். அவன்தான் என்ன செய்வான், பாவம்.

ஜூன் 9
பாவமா! அன்று உன்னோடு போன தோழி வந்து அழுதுகொண்டே சொன்னாள். மாத்திரை இருந்திருக்கிறது. ஆம்பளைங்க சமாச்சாரத்துக்கும் அதே மாத்திரைதானாம். கடை நிறைய ஆள் நிற்கும்போது சீட்டைப் பார்த்துக் கேட்டானாம்: "கல்யாணமே ஆகலை, இது யாருக்கு பாப்பா?" எல்லாரும் சிரித்தார்களாம். நீ சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாயாம்.

என்கிட்ட ஏன்டி மறைச்ச? அவன் கடையையே உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேனே. படியேற முடியாம நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அப்பகூடவா சொல்லத் தோணலை?

ஜூன் 10
அவன் சட்டையின் நெஞ்சில் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். புகைந்தது. மனசு ஆறவில்லை. சட்டைக்கு வலிக்குமா?

ஜூன் 11
கூட்ட நேரமாகப் பார்த்துப் போனேன். கருகியதை மேசையில் விரித்தேன்.

"என்னக்கா இது?"

"உன் சட்டைதான். என் பொண்ணுக்குக் குடுக்காத மாத்திரையை எடு."

அவன் முகம் செத்துவிட்டது. "உள்ள வாங்கக்கா, பேசிக்கலாம்."

"எதுக்கு உள்ள? நாலு பேர் முன்னாடிதானே சிரிச்ச? அது எதுக்குப் போடுற மாத்திரைன்னு சொல்லு."

"நுரையீரல் பிரஷருக்கும்..."

"காதுல விழலை."

கத்திச் சொன்னான். திரும்பவும் சொல்ல வைத்தேன்.

ஜூன் 12
இன்றும் போனேன். சொன்னான். நாளைக்கும் போவேன்.

ஜூலை 2
நான் போய் நின்றபோது மூச்சிரைக்க ஒருத்தி சீட்டை நீட்டினாள். உன் வயதுதான். உதடு உன்னைப் போலவே நீலம். பக்கத்தில் நின்றவன் எட்டிப் பார்த்து இளித்தான். "நுரையீரலுக்குய்யா அது, மூடு வாயை" என்று கடைக்காரனே அதட்டினான். அவளிடம், "வேளை தவறாம போடும்மா" என்றான். என் பக்கம் திரும்பவில்லை.

இன்று அவனைச் சொல்ல வைக்காமலே வந்துவிட்டேன். மன்னிக்கவில்லை. அவன் வயிறு எரியட்டும் என்றுதான் இப்போதும் இருக்கிறது. ஆனால் அவள் மாத்திரையோடு போனாளே... நாளைக்கும் அவன் வாசலில் போய் நிற்கவா, விட்டுவிடவா, சிட்டு?