பெயர் வேறாக இருந்த இரண்டு மாத்திரைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அம்மா பிழைத்துக்கொண்டாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அதற்குப் பிறகு படி. வயிறு சரியில்லை, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று போனில் சொன்னது பாதிதான். மீதியைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அவளும் "அவகிட்ட சொல்லாதீங்க, அங்க உக்காந்து அழுவா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதை இன்று மீறுகிறேன்.

சலவைக்கூடத்தில் இரண்டு பெண்கள் வேலையை விட்டுப் போனதில் அவர்கள் பங்கு விரிப்புகளையும் இவளே இஸ்திரி போட வேண்டியதாயிற்று. அங்கே அவளுக்கு எஞ்சின் என்று பெயர், உனக்குத் தெரியும், முடியாது என்று வாயில் வராது. இடுப்பு விட்டுப்போய் டாக்டரிடம் காட்டினாள். ஐந்து நாளைக்கு டைக்ளோஃபினாக் என்று ஒரு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐந்து நாள் முடிந்தும் அதே சீட்டைக் காட்டி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். வலி அடங்கவில்லை. என் முழங்காலுக்கு நீ அனுப்பிய நாப்ராக்ஸன் புட்டி இருந்ததா, இதையும் ஒன்று போட்டுப் பாரேன் என்று நான்தான் சொன்னேன். ஒன்று மஞ்சள், இன்னொன்று நீலம், பெயரும் வேறு, அப்படியானால் மருந்தும் வேறு, இரண்டு பேர் பிடித்தால் பாரம் சீக்கிரம் இறங்கும் என்று நினைத்தோம். மூன்று வாரம், தினமும் காலையில் நான் பஸ் ஓட்டப் போகும் முன்னால் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். வயிறு எரிகிறது என்றாள், எரிச்சலுக்கு ஒரு மருந்து வாங்கி வந்தேன். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதை வெட்கப்பட்டு என்னிடமே மறைத்துவிட்டாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். சூடு தாங்காமல் மயக்கம் என்று முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், பிறகு இரத்தமாக வாந்தி எடுத்ததும்தான் பதறித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயிற்றில் புண் வெடித்து உள்ளே இரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நான்கு பை இரத்தம் ஏற்றினார்கள். வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாம் கொண்டு வாங்க என்று டாக்டரம்மா சொன்னார், கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். "ரெண்டும் ஒரே வகைதாங்க, பேர்தான் வேற. சேத்துப் போட்டா வலி கூடுதலா குறையாது, வயித்துக்கும் கிட்னிக்கும்தான் ஆபத்து கூடும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், வயிற்றுப் புண் ஆறிக்கொண்டு வருகிறது. சிறுநீரகம்தான் பழைய நிலைக்கு வரவில்லை, வருமா என்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இனி சலவைக்கூடம் கிடையாது. "எஞ்சின் ஷெட்டுக்குப் போயிருச்சு" என்று சிரிக்கிறாள், நான்கு வெங்காயம் உரித்தால் மூச்சு வாங்குகிறது. இப்போதும் மாத்திரையை நான்தான் கொடுக்கிறேன். என்ன ஏது என்று பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்கிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீ அனுப்பியதால் வந்தது என்று நினைத்துவிடாதே. புட்டியில் 'அப்பாவுக்கு மட்டும்' என்று உன் கையால் எழுதித்தான் அனுப்பியிருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் மூடியைத் திறந்தேன்.

சத்தியத்தை மீறியதற்குக் காரணம் நீதான். மணிக்கட்டு வலிக்கு வேலை செய்கிற இடத்து நர்ஸ் கொடுத்தது ஒன்று, கடையில் வாங்கியது ஒன்று, இரண்டையும் போடுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். நான் போனில் கத்தினேன். "எல்லாரும்தாம்பா போடறாங்க" என்று சிரித்தாய். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். இதைப் படித்ததும் இரண்டையும் எடுத்துப்போய் மருந்துக் கடையில் வைத்து, இது எந்த வகை, சேர்க்கலாமா என்று கேள். சளி மாத்திரையிலும் சிலதில் இதே சரக்கு இருக்குமாம், அதையும் காட்டு. வயிறு எரிந்தாலோ மலம் கறுத்தாலோ வெட்கப்படாமல் டாக்டரிடம் ஓடு.

நிறுத்திவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லு, அதுவரை எனக்குச் சோறு இறங்காது. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என்ன இவ்வளவு நேரமா எழுதறீங்க என்று கேட்டாள், மழையைப் பற்றி என்றேன். அவள் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.

உன் அப்பா