ராணியைக் கொடுத்து ஜெயித்த ஆட்டம்

பிச்சாட்டூர்,
மார்ச் 3

அன்பு மகன் ஸ்ரீஹரிக்கு, நைனா எழுதுவது. இங்கே என் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை, சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரை தவறாமல் போடுகிறேன். கனடாக் குளிரில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தினமும் பொழுதைத் தொடங்குகிறேன். ஏரியில் தண்ணீர் நிற்கிறது, வேர்க்கடலை பிடுங்கியாகிவிட்டது, மாமரம் இந்த வருஷம் தாமதமாகப் பூத்திருக்கிறது. வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்ல நான்கு தடவை வாயெடுத்தேன், ஒவ்வொரு தடவையும் மழை வந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அம்மாவின் காரியத்துக்கு வந்திருந்தபோது நீ என்னைக் கேட்டாய், அம்மா கடைசியா எனக்கு எதனா சொல்லிச்சா நைனா என்று. இல்லை என்றேன். அது பொய், சாமி.

அவள் போவதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, வழக்கம்போலத் திருப்பதியில் டயாலிசிஸுக்குப் படுத்திருந்தாள். நான்கு மணி நேரமும் ரத்தம் ஓடுகிற குழாயையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று நீதான் போனிலேயே அவளுக்குச் செஸ் கற்றுக்கொடுத்தாய். இடது கையில் ஊசி இருக்கும், அசைக்கக் கூடாது, அதனால் போனை நான் பிடித்துக்கொள்வேன், அவள் வலது கை விரலால் ஆடுவாள். அன்றைக்கு ஆளுக்கு மூன்று நிமிஷ ஆட்டத்தில், எந்த ஊர்க்காரனோ, எதிரில் மாட்டியவனுக்கு 1410 பாயிண்ட். உன் அம்மாவுக்கு 870. வேற ஆளைப் பார்க்கலாமா என்றேன், வரட்டுமே, என்னா துன்னுடவா போறான் என்றாள். முதல் நிமிஷத்திலேயே இவளுடைய ஒரு குதிரை போயிற்று. அவன் படபடவென்று ஆடினான், இவள் யோசித்து யோசித்து ஆடினாள், கடிகாரம் பத்து செகண்டுக்கு வந்துவிட்டது. அப்போது ராணியைக் கொண்டுபோய் அவனுடைய யானைக்கு எதிரிலேயே வைத்தாள். ஐயோ, ராணி போச்சே என்றேன். சும்மா இருய்யா என்றாள். அவன் யோசிக்காமல் யானையை நகர்த்தி ராணியை வெட்டினான். கடைசி வரிசையைக் காவல் காத்துக்கொண்டிருந்தது அந்த யானைதான். இவள் தன் யானையை நேரே அந்த வரிசைக்கு இறக்கினாள். அவன் ராஜாவுக்கு முன்னால் அவனுடைய சிப்பாய்களே நின்றுகொண்டிருந்தார்கள், ஒதுங்க இடமில்லை, ஆட்டம் முடிந்தது. அவளுக்கு மிச்சம் இருந்தது நான்கு செகண்ட். சிரித்த சிரிப்பில் ஊசிக் கை அசைந்து மிஷின் கூவ ஆரம்பித்துவிட்டது, ஏமைந்தி அம்மா, என்ன ஆச்சு என்று நர்ஸ் ஓடி வந்தாள், கெலிச்சிட்டேம்மா என்றாள் இவள்.

உடனே, ஸ்ரீஹரிக்குப் போன் போடு என்றாள். நான்தான் தடுத்தேன். அங்க நடுராத்திரி, புள்ள தூங்கினு இருப்பான், ஞாயித்துக்கிழமை அவனே கூப்பிடுவான், அப்ப சொல்லு என்றேன். சரி, நீ சொல்லிடாத, என் வாயாலதான் சொல்லுவேன் என்றாள். எப்போதும் திரும்பி வருகிற பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள், அன்று தூங்கவில்லை. முதலில் சாப்பிட்டியா என்று கேட்பாளாம், வேலையைப் பற்றிக் கேட்பாளாம், நீ போனை வைக்கப் போகிற சமயத்தில்தான் இதைச் சொல்வாளாம். புத்தூர் தாண்டியும் அதே பேச்சு. சனிக்கிழமை காலை மறுபடி திருப்பதிக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எழுப்பியிருந்தால் நீ கோபித்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிறது, பேசினால் களைத்துப் போவாள் என்று எனக்குள் ஏதேதோ கணக்கு. காரியத்தின்போது உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. போன வாரம் அவள் போனுக்குச் சார்ஜ் போட்டேன். அந்த ஆட்டம் அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு காயாக நகர்த்திப் பார்க்கலாம். தினமும் பார்க்கிறேன். ராணியை வைக்கிற இடம் வந்தால் இப்போதும் ஐயோ என்றுதான் சொல்கிறேன். அவள் செஸ் கணக்கில் நண்பர் பட்டியலில் உன் பெயரும் இருக்கிறது, நீயும் அந்த ஆட்டத்தைத் திறந்து பார். அவள் வாயால் கேட்டிருக்க வேண்டியது, என் கையெழுத்தில் படிக்கிறாய். அவள் சொல்லியிருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. நம் கங்கம்மா உன்னை ஒரு குறையும் வராமல் காக்கட்டும். இதைப் படித்து என்மேல் கோபம் வந்தால் அந்தக் கோபத்தோடேயே கூப்பிடு, இங்கே மணி என்ன என்று பார்க்காதே. இனிமேல் நானும் பார்க்கப் போவதில்லை.

உன் நைனா,
தாமோதரன்