மீன் காட்சி வாசலில் ஒரு கையெழுத்து

மில் விடுதி
1.12.2002

அன்புள்ள லிடியாவுக்கு பவித்ரா எழுதுவது.

தபாலில் போடும் கடிதத்தை எங்கள் வார்டன் அக்கா பிரித்துப் படிப்பார்கள். அதனால் என்னோடு வேலை செய்யும், லீவில் அகரத்துக்கு வரும் சிவனம்மாளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு.

ஏழாம் தேதி மில்லில் எங்களைத் திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போகிறார்கள். உங்கள் பள்ளி பஸ்ஸும் அன்றுதான் வருகிறதாமே. பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதும் படிவத்தை நிரப்பிக் கொண்டுவா. என் போட்டோவை இதில் வைத்திருக்கிறேன். நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதும், மற்றதை உன் அப்பா பார்த்துக்கொள்வார். பதினாறாம் தேதி கடைசி. பரீட்சை சமயத்தில் அம்மை கண்டிருக்கிறது என்று சொன்னால் உடனே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

பத்தாவது பாஸ் செய்தால் நர்ஸ் படிப்பு. இல்லையென்றால் மூன்று வருட ஒப்பந்தம் முடிந்ததும் மாமாவுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். அவருக்கு முப்பத்தெட்டு வயது.

பதினொரு மணிக்கு மீன் காட்சி வாசலில் நிற்பேன். சொந்தக்காரர்களைத் தவிர யாரோடும் பேசவிட மாட்டார்கள். யாராவது கேட்டால் பெரியம்மா மகள் என்று சொல். மறந்துவிடாதே புள்ள.

பவித்ரா


திண்டுக்கல்
9.12.2002

என் உயிர்த்தோழி பவித்ராவுக்கு,

சிவனம்மாள் நேற்றே மில்லுக்குத் திரும்பிவிட்டாளாம். உன் கடிதத்தை அவள்தான் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தாள், அவளுக்கு என் நன்றியைச் சொல். இதைத் தபாலில் போடுகிறேன். உண்மையை மட்டும் எழுதுவதால் யார் படித்தாலும் பயமில்லை.

நீ அழுதுகொண்டே பஸ்ஸில் ஏறிவிட்டதால் பார்த்திருக்க மாட்டாய். அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். சிங்கவால் குரங்குகளில் ஒன்று கம்பிக்கு வெளியே கையை நீட்டி, யாரும் எதுவும் கொடுக்காவிட்டாலும் மடக்காமல் வைத்திருந்தது. நீர்யானையின் முதுகில் ஒரு கொக்கு. தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் தாவரவியல் பெயர் எழுதிய பலகை. முப்பத்தொரு பெயர்களைக் குறித்திருக்கிறேன். மீன் தொட்டியில் ஒரு பெரிய மீன் கண்ணாடியில் வாய் வைத்துத் தேய்த்தபடி இருந்தது. அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். மெலிந்துவிட்டாய்.

"இவளுக்கு நீ என்ன வேணும்?" என்று உன் வார்டன் கேட்டபோது என்னால் பொய் சொல்ல முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், பவி. திட்டமிட்டுப் பொய் சொல்லிவிட்டு எப்படி முழங்காலிடுவேன்? படிப்பு என்றால் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்றும் நினைத்தேன். அதனால்தான், "ஃபிரண்டுக்கா. பத்தாவது பரீட்சை ஃபாரத்துல கையெழுத்து வாங்க வந்தேன்" என்று சொன்னேன்.

"ஏத்தா, நீ படிச்சுக் கிழிக்கிற வரைக்கும் நூலு அறுந்து கெடக்கணுமா?" என்று அவர்கள் சொன்னதும், நீ பாதி கையெழுத்துப் போட்டிருந்த படிவத்தை அவர்களே நாலாகக் கிழித்ததும் எனக்கும் வருத்தம்தான். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சிரித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஒன்று. அம்மை என்று பொய் சொல்லி வெளியே வரும் யோசனை எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. வார்டனிடம் நேராகவே லீவு கேள். அவர்களும் ஒரு தாய்தானே. அப்பா வேறு படிவம் வாங்கிவந்துவிட்டார். எங்கே வந்து கையெழுத்து வாங்கலாம் என்று எழுது.

ஆயிரம் முத்தங்களுடன்,
லிடியா


மில் விடுதி
18.12.2002

லிடியாவுக்கு,

வார்டன் அக்கா படித்துவிட்டுத்தான் இதைத் தபாலில் போடுவார்கள். அதனால் நானும் உண்மையை மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது வார்டன் அக்கா அதை உரக்கப் படித்தார்கள். குரங்கு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிவனம்மாள் பெயர் வந்ததும் சிரிப்பு நின்றது. மறுநாள் அவள் பெட்டியை வாசலில் வைத்துவிட்டார்கள். மூன்று வருட ஒப்பந்தத்தில் அவளுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. முழுதாக முடிக்காதவர்களுக்குக் கடைசியில் தரும் மொத்தப் பணம் கிடையாது.

இனி யாருக்கு அம்மை கண்டாலும் ஊருக்கு அனுப்ப மாட்டார்களாம். பின்கட்டில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அதை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பொங்கல் லீவு இல்லை. என் அப்பாவை வரவழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். சித்திரையில் கல்யாணம், ஒப்பந்தம் முடியும்வரை கூடக் காத்திருக்கப் போவதில்லை.

பதினாறாம் தேதி முடிந்துவிட்டது. உன் அப்பாவிடம் படிவத்தைக் கிழித்துவிடச் சொல். முதல் படிவத்தோடு கிழிந்த போட்டோவுக்கு இன்னொரு பிரதி என்னிடம் கிடையாது.

"இந்த லிடியா உனக்கு யாரு?" என்று வார்டன் அக்கா நேற்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள்.

"தெரியாதுக்கா" என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை.

பவித்ரா
அறை 14