தாடைக்கு ஒரு சாரம்

பேரிகை
2.6.2025

அன்புள்ள வின்சிக்கு,

நலமா? வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் எனக்குப் பேச்சில்லை. போனில் தட்டினால் வீடே எட்டிப் பார்க்கிறது. அதனால்தான் காகிதம். ஓசூருக்கு வரும் என் வீட்டுக்காரர் முனிராஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சூளகிரி கம்பெனியில் மிஷின் துண்டு தெறித்து என் தாடை எலும்பு போனது உனக்குத் தெரியும். டாக்டர் சொன்னார்: "கட்டடத்துக்குச் சாரம் கட்டற மாதிரிம்மா. பாலிமர்ல, 3டி பிரிண்டர்ல அடுக்கடுக்கா உன் அளவுக்கே அச்செடுத்து வெப்போம். அதும் மேல எலும்பு வளரும், சாரம் மெல்லக் கரைஞ்சிரும்." அச்சிடுவது உன் கம்பெனி என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். பயமாக இருக்கிறது. என் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் என்னிடம் பேசுகிறாள். நீ பார்த்துச் செய்.

மேகலா


ஓசூர்
9.6.2025

அன்பு மேகலா,

இதைப் படித்ததும் முனிராஜ் அண்ணனை அனுப்பி ஆபரேஷனை நிறுத்தச் சொல். மீதியைப் பிறகு படி.

உன் சாரத்தை வியாழக்கிழமை நான்தான் அச்சிட்டேன். பாதியில் மிஷினின் சூடு இறங்கிவிட்டது. அடுக்குகள் சரியாக ஒட்டவில்லை. கூடவே எடுத்த சோதனைத் துண்டை வளைத்தேன். பிஸ்கட் மாதிரி உடைந்தது. சூப்பர்வைசர் குருமூர்த்தியிடம் காட்டினேன். "துண்டுதானே உடைஞ்சுது? தேதி குடுத்தாச்சு, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடும்மா" என்றார்.

போட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. நீ மெல்லும்போது அது உள்ளே நொறுங்குவதுபோலவே கேட்கிறது. மன்னிப்புக் கேட்கக்கூடத் தைரியமில்லை. கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

வின்சி


பேரிகை
10.6.2025

வின்சி,

ஆபரேஷன் நின்றது. டாக்டர் சாரம் வந்த பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். யார் சொன்னது என்று உன் கம்பெனியில் கேட்கிறார்களாம். நான் பெயர் கொடுக்கவில்லை.

நான்கு நாள், வின்சி! அந்த நான்கு நாளும் உன்னை நினைத்துத்தான் நான் தூங்கினேன். ஆபரேஷனைச் சனிக்கிழமையே வைத்திருந்தால்? இனி எழுதாதே.

மேகலா


ஓசூர்
20.6.2025

மேகலா,

எழுதாதே என்றாய், இதை மட்டும் படி. சொன்னது நான்தான் என்றும், கையெழுத்துப் போட்டதும் நான்தான் என்றும் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணை முடியும்வரை என்னையும் குருமூர்த்தியையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். புதுச் சாரத்தை என்னோடு வேலை பார்த்த சந்தோஷ் அச்சிட்டிருக்கிறான். உன் டாக்டரே வந்து மூன்று சோதனைத் துண்டுகளை வளைத்துப் பார்த்தாராம். ஒன்றும் உடையவில்லை.

ஆபரேஷன் என்றைக்கு என்று யாரிடமும் கேட்கப் பயமாக இருக்கிறது. ஜெபத்தில் உன் பெயர் வரும்போது நாக்கு தடுக்குகிறது.

வின்சி


பேரிகை
24.6.2025

வின்சி,

வியாழன் காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். என் கோபம் தீரவில்லை. ஆனால் இங்கே எல்லாரும் "ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். கேட்கக் கேட்கப் பயம் கூடுகிறது. ஆகும் என்று எனக்குச் சொன்னவள் நீ ஒருத்திதான்.

ஆறரைக்கே வந்துவிடு. எதுவும் பேசாதே. கதவு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வா.

மேகலா