சம்பந்தி வீட்டு வாசலில்

தை மாதம், சனிக்கிழமை. காரிமங்கலம்.

ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்காரர் ஒரு வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துக் கட்டினார். அதில்தான் ஊர் சுற்றுகிறோம். ஒகேனக்கல் பார்த்துவிட்டு இன்று மகள் சுமதியின் மாமியார் வீட்டுக்கு வந்தோம்.

சம்பந்தியம்மா மாடி அறையில் புது விரிப்புப் போட்டு வைத்திருந்தார். "நாங்க வண்டியிலயே படுத்துக்கறோம்" என்று இவர் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு இவருக்கு இரவில் படுக்கை நனைந்துவிடுகிறது. யாருக்கும் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

சாப்பிடும்போது சம்பந்தியம்மா குழம்புச் சட்டியை எங்கள் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சுமதி என்னைப் பின்பக்கம் இழுத்துப்போய் அழுதாள். "நீங்க போயிருவீங்க. நாந்தானேம்மா இந்த வூட்டுல இருக்கணும்?"

பிறகு சம்பந்தியம்மாவே வண்டிக்கு வந்தார். "எங்க வூடு உங்களுக்கு ஆகாதுங்களா?"

"எனக்குத்தாங்க ராத்திரியில ஒண்ணுக்கு அடக்க முடியறதில்ல. உங்க படுக்கைய நனைச்சுருவேன்னு பயம்" என்றேன். எப்படி வாயில் வந்ததோ.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதச் சொல்றதுக்கென்னங்க? காலையில குளிக்க வென்னி வெச்சுத் தர்றேன்."

வண்டியின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே படுத்திருந்த இவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். நான் ஏறியதும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, வெட்கமா, தெரியவில்லை. தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுக்க வேண்டும். தோளில் கை வைத்தால் தட்டிவிடுவாரோ என்று இருக்கிறது.